அருகம்புல்லின் இரண்டு விலைகள்

மதிப்பீட்டுத்தாள் ஆங்கிலத்தில் இருந்தது. எட்டு இனங்கள், அடியில் கூட்டுத்தொகை 1,48,000 ரூபாய். சாம்பியன் ரீப்ஸில், சுரங்கக் கம்பெனி கட்டிய லைன் வீடுகளுள் ஒன்றில், ஒரு தந்தையும் தாயும் மகளும் அந்தத் தாளை இரண்டு நாட்களாகப் பார்த்துக்கொண்டிருந்தனர். லைனின் கோடியில் உள்ள வீடு என்பதால் முன்புறமும் பக்கவாட்டிலுமாக ஏறத்தாழ 900 சதுர அடி நிலம் அவர்களுக்கு இருந்தது. அதில் ஒரு தோட்டம் வேண்டும் என்பது மகளின் விருப்பம்.

அந்த விருப்பம் அழகுக்காக எழுந்ததன்று. தந்தை 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்படும் வரை நிலத்தடியில் வேலை செய்தவர். தங்கப்பாறை வெட்டியெடுக்கப்பட்ட வெற்றிடங்கள் இடிந்துவிடாதபடி கருங்கல்லை அடுக்கித் தாங்குசுவர் எழுப்புவது அவர் பணி. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சுரங்கம் அது. அவரோடு மேலே வந்தது நுரையீரலில் படிந்த பாறைத்தூள். சிலிக்கோசிஸ் என்று மருத்துவர் பெயர் சொன்னார். குணப்படுத்தும் மருந்து இல்லை என்பதையும் சொன்னார். இனிமேல் புதிய தூசி உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வது ஒன்றே வழி. ஆனால் வீட்டிலிருந்து பார்த்தால் தெரிவதோ, ஊர்மக்கள் சயனைடு மலை என்று அழைக்கும் கழிவுக் குன்று. காற்றடிக்கும் நாட்களில் அதன் வெண்சாம்பல் நிறத் தூள் வாசல்வரை வந்து படியும். அந்தத் திசையில் ஒரு பசுஞ்சுவர் எழும்பினால் தூசியின் ஒரு பங்கையாவது இலைகள் வாங்கிக்கொள்ளும். மகள் நாள்தோறும் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூரு சென்று, இரவில் திரும்புகிறவள். சீட்டு எடுத்துச் சேர்த்த 70,000 ரூபாய் அவள் கையில் இருந்தது. மதிப்பீடு அதைப்போல் இரு மடங்குக்கும் மேல்.

செலவைக் குறைப்பதற்கு எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழியே அவளுக்கும் தோன்றியது. எட்டாவது இனம்: ஆட்கூலி, 16,000 ரூபாய். அதைப் பத்தாயிரமாகப் பேசி முடிக்கலாம் என்றாள். வேலைக்கு வருகிறவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். சுரங்கம் மூடிய பின் இங்கே எந்தக் கூலிக்கும் ஆள் கிடைக்கும்.

தந்தை தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “எல்லாத்திலயும் கை வை கண்ணு. கூலியில வைக்காத. நூறு வருஷமா கம்பெனிக்காரன் அங்கதான் கை வச்சான்.”

அதற்குமேல் அவர் விளக்கவில்லை. விளக்க வேண்டிய தேவையும் அவ்வீட்டில் இல்லை. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே கால் பதித்த நாள்முதல், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வந்த தமிழர்கள் மூங்கில் தட்டி வீடுகளில் வாழ்ந்து, நாட்கூலிக்குக் கீழே இறங்கியவர்கள். செலவைக் குறைக்க வேண்டும் என்ற சொல் இவ்வூரில் எப்போதும் யார் தலையில் இறங்கியது என்பதை எல்லோரும் அறிவர்.

கூலி இல்லையென்றால் வேறு எங்கே குறைப்பது? இந்தக் கேள்வியோடு மகள் தாளை மறுபடி எடுத்தாள். செடிகளுக்கென்று ஐந்தாவது இனத்தில் 31,000 ரூபாய் போடப்பட்டிருந்தது. அதன் கீழே பெயர்ப்பட்டியல். ஒவ்வொரு பெயரையும் தொலைபேசியில் தேடி, படத்தைத் தாயிடம் காட்டினாள். தாய்க்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. படங்களைப் படித்தார்.

“டேபர்னேமொன்டானா” என்றாள் மகள்.

“நந்தியாவட்டை. பின்னால கொழாய் பக்கத்துல இருக்குதே.”

“நீரியம் ஒலியாண்டர்.”

“அரளி. பிள்ளைங்க வாயில வச்சிடும், வேணாம்.”

“நிக்டாந்தஸ்.”

“பவழமல்லி. ஸ்கூல் சந்துல நிக்குது.”

“விட்டெக்ஸ் நெகுண்டோ.”

“நொச்சி. இதுக்கா காசு?”

இப்படியே போயிற்று. பதினான்கு பெயர்களுள் ஒன்பது அந்த லைனிலேயே எங்கோ ஒரு வாசலில் வளர்ந்துகொண்டிருந்தன. அவை அங்கே வந்த கதையும் தாய்க்குத் தெரிந்திருந்தது. தந்தையின் பெரியப்பா, வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் பங்களாவில் தோட்டக்காரராக இருந்தவர். குட்டி இங்கிலாந்து என்று இவ்வூருக்குப் பெயர் வாங்கித் தந்த பங்களாக்களும் புல்தரைகளும் ஒருபுறம். அங்கே கத்தரித்துப் போட்ட போத்துகளை மடியில் கட்டிக்கொண்டு லைனுக்குத் திரும்பியவர்கள் மறுபுறம். ஒரு போத்து வேர்விட்டால் அடுத்த மழைக்கு நான்கு வீடுகளுக்குப் போகும். அந்தத் தோட்டங்களுக்கு எவரும் மதிப்பீடு எழுதியதில்லை.

பட்டியலில் இருந்த இரண்டு பெயர்கள் இன்னும் வேடிக்கையானவை. ஒன்று, ஜஸ்டிசியா அடாதோடா. லின்னேயஸ் 1753இல் எழுதிவைத்த இப்பெயரின் பின்பாதி, நம் ஊர் ஆடாதோடைதான். ஆடு தொடாத இலை என்று மக்கள் அதற்குப் பொருள் சொல்வார்கள். வேலிக்கு அதைத் தேர்வதற்கு அதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. இருமலுக்கு அதன் இலையைக் காய்ச்சிக் குடிப்பது பழைய வழக்கம். அவ்விலையிலுள்ள வாசிசின் என்னும் பொருளை அடியொற்றியே ப்ரோம்ஹெக்சின் என்னும் இருமல் மருந்து உருவாக்கப்பட்டது. இன்னொன்று பொங்காமியா. அது நம் புங்கம். தென்னிந்தியப் பெயர் இலத்தீன் உடை அணிந்து திரும்பி வந்திருந்தது. தெருமுனைப் புங்கமரத்தின் அடியில் அதன் கன்றுகள் தாமாக முளைத்து, மிதிபட்டுக் கிடந்தன. பட்டியலிலோ கன்று ஒன்றுக்கு 650 ரூபாய்.

நான்காவது இனம் புல்தரை. 400 சதுர அடி, சதுர அடிக்கு 45 ரூபாய், மொத்தம் 18,000. வகை: பெர்முடா. தாயிடம் படத்தைக் காட்டியபோது அவர் சிரித்துவிட்டார். பிள்ளையார் தலையில் வைக்கும் புல்லைப் பெங்களூருவிலிருந்து லாரியில் ஏற்றிவர வேண்டுமா என்று கேட்டார். அவர் சொன்னது சரியே. விளையாட்டுத் திடல்களுக்கென்று உருவாக்கப்பட்ட கலப்பின வகைகள் வேறு. வெறும் பெர்முடா என்பது அருகம்புல்லே. பெர்முடா தீவின் பெயரைச் சுமந்தாலும் அது அத்தீவில் பிறந்ததன்று. பழைய உலகத்திலிருந்து கடல் கடந்து அங்கே போனது. ஒரே புல்லுக்கு இரண்டு பெயர்கள். இரண்டு பெயர்களுக்கு இரண்டு விலைகள். தமிழில் அது இலவசம்.

பெயர் தெரியாத பொருளுக்கு விலை பேச முடியாது. இதை அவள் அன்றைக்குத்தான் கண்டுகொண்டாள். மறுநாள், தாளை அனுப்பிய தோட்ட வடிவமைப்பாளரைத் தொலைபேசியில் அழைத்து, வீட்டுக்கு வரச் சொன்னாள்.

வந்தவர் தோட்டக்கலை படித்த இளம்பெண். தமிழும் கன்னடமும் கலந்து பேசினார். தமிழ்ப் பெயர்கள் எழுதப்பட்ட பட்டியலைப் பார்த்துச் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு மறைக்காமல் பேசினார். “செடியிலும் புல்லிலும்தான் எங்களுக்கு மிச்சம் நிற்கும். வரைபடத்துக்கென்று தனியாக யாரும் பணம் தருவதில்லை. ஒரு காகிதத்துக்கா பத்தாயிரம் என்பார்கள். அதனால் படிப்புக்கு உரிய காசைச் செடியின் விலையில் சேர்த்துவிடுகிறோம்.”

இத்தொழிலின் உள்கணக்கு முழுவதும் அந்தச் சொற்களில் அடங்கியிருந்தது. அறிவுக்குக் காசு தர மனம் வராதவர்களுக்கு அதே அறிவு, பொருளின் விலையில் ஒளிந்துகொண்டு வருகிறது. பெரிய செடி, கூடுதல் மண், அதிகப் புல், நீண்ட நடைபாதை என்று பொருள் பெருகப் பெருகத்தான் வல்லுநருக்குச் சம்பளம். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கணக்கைத் திருப்பிப் போட வேண்டும்.

மகள் கேட்டாள்: “வரைபடத்துக்கும் மூன்று முறை நேரில் வந்து பார்ப்பதற்குமாகப் பதினாறாயிரம் தருகிறேன். பொருள்களை நாங்களே வாங்கிக்கொள்கிறோம். எது வேண்டும், எது வேண்டாம் என்று மட்டும் உண்மையாகச் சொல்வீர்களா?”

அவர் ஒப்புக்கொண்டார். அதன்பின் சொன்ன முதல் விஷயமே அந்தப் பதினாறாயிரத்துக்கு ஈடாயிற்று. மண் கொண்டுவர 22,000 ரூபாய் போட்டிருந்த இடத்தில், அண்டை வீட்டார் ஒருவர் இலவச யோசனை தந்திருந்தார்: கழிவுக் குன்றிலிருந்து இரண்டு டிராக்டர் அள்ளிவந்து பள்ளத்தை நிரப்பினால் காசு மிச்சம். வடிவமைப்பாளர் கூடவே கூடாது என்றார். தங்கத்தைப் பிரிக்கும் சயனைடு முறை 1887இல் காப்புரிமை பெற்றது. அம்முறை இங்கே வந்தபின் பாறையை மாவாக அரைத்துத் தங்கத்தைக் கரைத்தெடுத்து, மிஞ்சியதைக் கொட்டிய கொட்டலே இக்குன்றுகள். சயனைடு வெயிலிலும் காற்றிலும் காலப்போக்கில் சிதைந்துவிடும். பாறையிலிருந்து வந்த உலோகங்கள் சிதையமாட்டா. அத்தூளில் இலைமக்கு இல்லை. செடிக்கு வேண்டிய உயிர் இல்லை. எவரை அந்தத் தூளிலிருந்து காப்பதற்குத் தோட்டமோ, அவர் காலடிக்கே அதைக் கொண்டுவந்து பரப்புவதாக முடிந்திருக்கும். சில மிச்சங்கள் பிற்பாடு மருத்துவமனையில் கணக்குத் தீர்க்கும்.

அடுத்து ஒன்றரை அடி ஆழத்தில் மூன்று குழிகள் தோண்டச் சொன்னார். இரண்டில் நல்ல செம்மண். ஒன்றில் உடைந்த செங்கல்லும் சாம்பல் நிறத் தூளும். ஒவ்வொன்றிலும் ஒரு குடம் நீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பார்த்தார். பின்னர் மூன்று குழிகளின் மண்ணையும் தனித்தனிப் பையில் இட்டு, கோலாரிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொன்னார். முடிவு வரும்வரை கீரை, காய்கறி எதுவும் அந்த மூன்றாவது மூலையில் விதைக்க வேண்டாம் என்பது அவர் கட்டளை. ஆக, நிலம் முழுவதற்கும் மண் தேவையில்லை. பழுதான மூலைக்கும் நடுகுழிகளுக்கும் மட்டும் மண்ணும் மாட்டெருவும் போதும். இருபத்திரண்டாயிரம் ஏழாயிரமாக இறங்கியது.

நிலத்தைச் சமன்படுத்த ஜேசிபி இயந்திரத்துக்கு 14,000 ரூபாய் இருந்தது. சமனாக்குவதே தவறு என்று இப்போது தெரிந்தது. நிலம் மெல்லச் சரிந்திருப்பதால், சரிவுக்குக் குறுக்கே இரண்டு தாழ்ந்த கல்வரப்புகள் போட்டால் மழைநீர் நின்று இறங்கும். இம்மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை. வீட்டின் கூரை 400 சதுர அடி. கணக்கிட்டால் 26,000 லிட்டர். சிந்தியதும் ஆவியானதும் போக 20,000 லிட்டராவது நிலத்துக்குத் திருப்பலாம். புல்தரை போட்டிருந்தாலோ, கோடையில் அதற்கு மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் வேண்டும். டேங்கர் நீரை விலைக்கு வாங்கும் ஊரில் அப்புல்தரையின் உண்மையான விலை 18,000 அன்று. அது ஒவ்வொரு மாதமும் வந்து நிற்கும் வட்டி. அப்பாவின் நாற்காலி போடும் இடத்தைச் சுற்றி மட்டும் அருகம்புல்லைப் பிடுங்கி நடுவது என்று முடிவாயிற்று. செலவு ஏதுமில்லை.

கல்வரப்பு என்றதும் தந்தை எழுந்து வந்தார். அதுவரை அவர் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. சுண்ணாம்போ சிமெண்டோ இன்றிக் கல்லின் மேல் கல்லை உட்காரவைப்பது அவர் கைக்குத் தெரிந்த வேலை. மேலே மலையே அழுத்தினாலும் அசையாதபடி அடுக்கியவர். இப்போது அவரால் கல்லைத் தூக்க முடியாது. இருபது அடி நடந்தாலே மூச்சு வாங்கும். முகத்தில் துணி கட்டிக்கொண்டு நாற்காலியில் அமர்ந்து, எந்தக் கல்லை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று சொன்னார். வேலைக்கு வந்த இரண்டு இளைஞர்கள் முதலில் சிரித்தார்கள். இரண்டாம் நாள் அவரைக் கேட்காமல் ஒரு கல்லையும் வைக்கவில்லை. பழைய இடிபாட்டுக் கருங்கல்லை வண்டிக்கூலி கொடுத்து வாங்கியதில், 24,000 ரூபாய் நடைபாதைக் கணக்கு 6,000 ஆயிற்று.

செடிகளில் போத்தாலும் பதியனாலும் வருபவற்றை லைனிலிருந்தே எடுத்தார்கள். விலைக்கு வாங்க வேண்டிய ஐந்து வகைகளையும் சிறு கன்றுகளாக வாங்கச் சொன்னார் வடிவமைப்பாளர். ஆந்திரத்துக் கடியம் நாற்றங்கால்களிலிருந்து லாரியில் வரும் ஆளுயரச் செடி பார்வைக்கு உடனே தோட்டமாகத் தோன்றும். ஆனால் பையில் சுருண்ட வேர் புதுமண்ணில் பரவ நாளாகும். பத்தில் சில பட்டும்போகும். ஓரடிக் கன்று விரைவாக ஊன்றிக்கொள்ளும். மழை தொடங்கும் ஜூன், ஜூலையில் நட்டால் தண்ணீர்ச் செலவும் குறையும். பொறுத்திருக்க முடிந்தவர்களுக்கு மட்டும் கிடைக்கும் தள்ளுபடி அது. 31,000 ரூபாய் 8,500 ஆனது. சொட்டுநீர்க் குழாயும் வேலிவரிசைக்கு மட்டும் என்று சுருங்கி, 13,000 ரூபாயிலிருந்து 5,500க்கு வந்தது.

வரைபடம் என்ற ஒற்றைக் காகிதம் என்ன செய்தது என்பது நடும்போதுதான் விளங்கியது. குன்றின் திசையில் முதல் வரிசை நொச்சி, இரண்டாம் வரிசை ஆடாதோடை, பின்னால் இரண்டு புங்கம். அடியிலிருந்து உச்சிவரை இலை இருக்கும்படியான அடுக்கு. முழுவதும் அடைத்த சுவராக இருந்தால் காற்று மேலேறி மறுபுறம் தூசியைக் கொட்டிவிடும் என்பதால் இடையே சிறிது இடைவெளி. சுவருக்கும் புங்கத்துக்கும் நடுவே எத்தனை அடி விட வேண்டும் என்ற குறிப்பும் இருந்தது. முன்புறத்தில் கோடைக்குச் சரக்கொன்றை, மழைக்கும் பனிக்கும் பவழமல்லி, ஆண்டு முழுவதும் செம்பருத்தியும் நந்தியாவட்டையும். 1908இல் பெங்களூரு லால்பாகின் பொறுப்பேற்ற ஜெர்மானியத் தோட்டக்கலைஞர் கிரும்பிகல், ஒரு மரம் பூத்து ஓயும்போது இன்னொன்று பூக்கும்படி அந்நகரத்துச் சாலைகளில் மரங்களை வரிசைப்படுத்தியவர். அதே எண்ணத்தை ஒரு லைன் வீட்டு வாசலுக்கு இறக்கிக் கொடுத்திருந்தார் இந்தப் பெண். எண்ணத்துக்குச் செடியைவிட விலை குறைவு, பயனோ நெடுநாள்.

வேலை முடிந்த மாலையில் மகள் தாளின் மறுபக்கத்தில் புதிய கணக்கைத் தமிழில் எழுதினாள். வரைபடமும் மேற்பார்வையும் 16,000. மண், எரு 7,000. செடி 8,500. கல் 6,000. குழாய் 5,500. ஆட்கூலி 22,000. மொத்தம் 65,000 ரூபாய். சீட்டுப் பணத்தில் ஐயாயிரம் மிஞ்சியது.

கூட்டிப் பார்த்தபின் அவள் ஒன்றைக் கவனித்தாள். செலவு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. ஆனால் கூலி பதினாறாயிரத்திலிருந்து இருபத்திரண்டாயிரமாக ஏறியிருந்தது, ஏனெனில் இயந்திரம் செய்ய வேண்டியதைக் கைகள் செய்தன. வடிவமைப்பாளரின் ஊதியமும் ஆறாயிரம் கூடியிருந்தது. பழைய கணக்கில் அறிவுக்கும் உழைப்புக்கும் சேர்த்துப் போனது நூற்றுக்குப் பதினெட்டு ரூபாய்கூட இல்லை. புதிய கணக்கில் அது ஐம்பத்தெட்டு. சிக்கனம் என்பது மனிதரிடம் பேரம் பேசுவதன்று, தேவையற்ற பொருளிடம் பேரம் பேசுவது என்று தந்தை சொல்லியிருக்கலாம், அவர் சொல்லவில்லை. “கூலி எல்லாருக்கும் குடுத்தாச்சா?” என்று மட்டும் கேட்டார்.

தோட்டம் இப்போது முழங்கால் உயரம்தான். தூசி நிற்க இன்னும் இரண்டு, மூன்று மழைக்காலங்கள் ஆகும். அதுவரை காற்றடிக்கும் நாட்களில் சன்னலில் ஈரத்துணி தொங்கும். ஆயினும் காலையில் தந்தை நாற்காலியை அருகம்புல்லின் மேல் போட்டுக்கொண்டு ஆடாதோடை இலைகளைப் பார்க்கிறார். அவற்றின்மீது சன்னமான வெண்தூள் படிந்திருக்கிறது. அவ்வளவு தூள் வீட்டுக்குள் வரவில்லை என்பது அதன் பொருள்.

தமிழில் எழுதிய அந்தக் கணக்குத்தாளை அண்டை வீட்டார் கேட்டு வாங்கிச் சென்று ஜெராக்ஸ் எடுத்தனர். லைனில் இப்போது அது நான்கைந்து வீடுகளில் இருக்கிறது. கூடவே, ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு நொச்சிப் போத்து.